மொட்டைமேட்டுக்குப் பொன்னாடை

கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகிற சாலையில், ஒரு வளைவுக்கு மேலே இருந்த மேட்டில், தேவகுமாரியும் மூன்று பெண்களும் ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மரக்கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இயற்கை நேசர்கள் பதற வேண்டாம். பிடுங்கியது வாட்டில் கன்றுகளை. எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட மரம்; மலையின் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு விதையை மட்டும் தாராளமாகத் தரும்.

பிடுங்கிய இடத்தில் புல் நட்டார்கள். சாலையை அகலப்படுத்தியபோது இயந்திரம் புரட்டிப்போட்ட மலைப்புல்லைத் தூரோடு சாக்கில் அள்ளிவந்து, பிரித்துப் பிரித்து ஊன்றினார்கள். ஒரு தூர் நிலைக்க மூன்று வருடம். வாரமெல்லாம் பூண்டுக் காட்டில் கூலிக்குக் குனிகிற முதுகுகள், மிச்சமிருந்த ஒரு நாளும் சும்மா குனிந்தன.

போன மாசியில், மேட்டின் அடியில் செத்துக்கிடந்த ஊற்று கசிந்தது. சித்திரையிலும் நிற்கவில்லை. கீழே இருபத்தோரு வீட்டுக்கு அதுதான் தண்ணீர். தேவகுமாரி அதில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகுதான் சுற்றுலா ஜீப்புகள் படம் எடுக்க மேட்டில் ஏற ஆரம்பித்தன. டயர் பட்ட தூர் எழவில்லை. ஒரு கம்பிவேலி கேட்கலாமென்று அவள் நாயுடுபுரத்துக்குப் போனாள். பெரிய மனுசங்க சோலி நமக்கெதுக்கு என்று கூடப் புல் நட்ட சுப்பம்மா தடுத்ததைக் கேட்கவில்லை.

அங்கே ‘பசுமலை நேசர் பேரவை’யின் தலைவர் முத்துராஜ், லாட்ஜ் அதிபர், ஏழு வருடக் கதையைக் கண்கலங்கக் கேட்டார். நடுவில் இரண்டு முறை மட்டும் போன் பேசினார். வேலிக்கென்ன, விழாவே எடுத்துவிடலாம் என்றார். வண்டிகள் எந்தப் பக்கமாக ஏறலாம் என்று அவர் கேட்க, தேவகுமாரியே வழி காட்டினாள்.

விழா நாளில் இருநூறு நாற்காலிகள் புல்லின்மேல் இறங்கின. பேனரில் யானை, புலி, மயில் ஆகியவற்றோடு, கொடைக்கானலில் இதுவரை யாரும் பார்த்திராத ஒட்டகச்சிவிங்கி ஒன்றும் நின்றது. அதன் காலடியில் தேவகுமாரியின் படம். ‘மலைமகள்’ என்று பட்டம்.

சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார். ஒரு மரம்கூட இல்லாத இந்த மொட்டைமேட்டைப் பார்க்கையில் தன் நெஞ்சு வெடிக்கிறது என்றார். அது வெடிக்காமல் நாற்பது நிமிடம் தாங்கியது. பேச்சின் நடுவே பின்பக்கத்திலிருந்து ஓர் ஓசை வந்தது. மண்வெட்டி ஓசை. அந்த ஓசைக்குத் திரும்பாமல் இருக்க தேவகுமாரியால் முடியாது, திரும்பினாள். முந்நூறு சில்வர் ஓக் கன்றுகள் வரிசையில் காத்திருந்தன. வாடகை ஆட்கள் இரண்டடிக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். தூர்கள் வேர் மேலாகக் கிடந்தன.

எழுந்தவளின் பொன்னாடை நழுவியது. முத்துராஜ் அதைச் சரிசெய்து, போட்டோ முடியட்டும் என்று உட்காரவைத்தார். அவள் அவர் காதில் ஏதோ சொன்னாள். நன்றியுரை என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்.

“இது வெறும் எடமில்லீங்க. இந்தப் புல்லு நாங்க நட்டதுங்க. இதுதான் ஊத்துக்குத் தண்ணிய வச்சுக் குடுக்குது. குழி தோண்ட வேணாம்ங்க.”

கூட்டம் கைதட்டியது. காலையிலிருந்து அது எல்லாவற்றுக்கும் கைதட்டிக்கொண்டிருந்தது. முத்துராஜ் மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார்.

“அம்மா உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. புல்லுக்கே இவ்வளவு பாசம்னா, மரத்துக்கு எவ்வளவு பாசம் வச்சிருப்பாங்க. நடுவோம், வாங்க.”

மாலைக்குள் முந்நூறு கன்றும் நட்டாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரமுகர் பெயரில் தகடு. வேலியும் போட்டார்கள், மரக்கன்றுகளுக்கு. பெண்கள் நால்வருக்கும் பச்சை பனியன் தந்து, தன்னார்வலர்கள் என்று அறிவித்தார்கள். ஏழு வருடமாகத் தாங்கள் என்னவாக இருந்தோம் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வேலை: ஞாயிறுதோறும் ஊற்றிலிருந்து மொண்டு கன்றுகளுக்கு ஊற்றுவது. படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

அடுத்த ஞாயிறு சுப்பம்மாவும் தேவகுமாரியும்தான் வந்தார்கள். மற்ற இருவரும் கதவைத் திறக்கவில்லை. மேட்டில் புல்லைவிடக் குழிமண்தான் அதிகம் தெரிந்தது. புரட்டிப்போட்ட தூர்கள் வெயிலில் காய்ந்து, கையிலெடுத்தால் உதிர்ந்தன.

“பிடுங்கிப் போட்ருவமாக்கா?” என்றாள் சுப்பம்மா. “பிடுங்குறதுதான நம்ம சோலி.”

“ஏலாது, சுப்பு. தகட்டுல பேரு கெடக்கு. கேஸு போட்ருவாங்க.” ‘ஏலாது’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தேவகுமாரியின் அப்பா கொண்டுவந்த சொல். அவர் அதிகம் உபயோகித்ததும் அதுதான்.

தேவகுமாரி ஊற்றில் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேடேறினாள். முதல் கன்றின் ஓரமாகக் குனிந்து ஊற்றினாள்.

“அதுக்கா ஊத்துற?”

“அதுக்கில்ல. குழி ஓரத்துல புல்லு வேரு ஒட்டிக் கெடக்கு பாரு. பச்சையா இருக்குல்ல?”

சுப்பம்மா முழங்காலிட்டு உற்றுப் பார்த்தாள். மண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“ஆமாக்கா, இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாள்.