நூற்று நாற்பத்தொன்பது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு எண்ணிலிருந்து வந்தது. அந்த எண்ணை எழுதியவன் நான்.

1986. ஓசூரில் ஒரு தொழிற்சாலை, அதன் டைம் ஆபீஸில் நான் கிளார்க். ஒப்பந்தப் பெண்களை நிரந்தரம் செய்ய உயரம் அளந்தார்கள். நூற்றைம்பது சென்டிமீட்டர் வேண்டும், பெஞ்சு அந்த உயரத்துக்குத்தான் போட்டிருக்கிறது என்றார்கள். பேச்சியம்மாள் பெயருக்கு எதிரே நான் 149 என்று எழுதினேன். அதே பெஞ்சில் அவள் ஒரு வருஷமாக நின்று ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டுகளை அளந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இதை அன்று யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘பனி மூடிய ஓசூர்க் காலையில் சங்கு ஊதியபோது’ (வேண்டாம். அளந்தது சாயந்தரம் நாலு மணிக்கு.)

‘அவள் உருவத்தில் சிறியவள், ஆனால் உள்ளத்தில்’ (இதை முடித்திருந்தால் பேச்சியம்மாளே வந்து என் மண்டையில் போட்டிருப்பாள்.)

2

அளந்தது வியாழக்கிழமை. சனிக்கிழமை மாலை தொழிலாளர் மன்றத்தில் படம் போட்டார்கள். பழைய ஆங்கிலப் படம், கறுப்பு வெள்ளை, விஞ்ஞானக் கதை. ஒருவன் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறான்.

புரொஜெக்டர் ஓட்டியவர் திம்மப்பன். வாரநாளில் கேன்டீனுக்குக் காய்கறி ஏற்றிவரும் டெம்போ டிரைவர், கர்நாடக எல்லையில் தளிப் பக்கத்துக்காரர். ஆங்கிலம் புரியாதவர்களுக்காக முதலிலேயே கதையைச் சொல்லிவிடுவார்.

“இந்த ஆளு தினா சிக்கவன் ஆகிட்டே போவான். கடேசில ரொம்ப சிக்கவன்.”

கன்னடத்தில் ‘சிக்க’ என்றால் சின்ன. எங்களுக்கெல்லாம் அது தெரியும். கோவில்பட்டியிலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கு ஒரு வருஷமாகியும் கன்னடம் காதில் ஏறவில்லை. அவளுக்குக் கேட்டது, மாட்டிக்கொள்ளப்போகிறான் என்று.

“யாருட்ட அண்ணாச்சி சிக்குவான்?”

மன்றமே சிரித்தது. அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, விளக்கிச் சொல்லவும் யாருக்கும் பொறுமையில்லை. ஆகவே அவள் பார்த்தது வேறு படம். சட்டை தொளதொளத்தால் வேஷம் மாற்றுகிறான். மேசைக்கு அடியில் ஒளிகிறான். அலமாரி இடுக்கில் நுழைகிறான். நாங்கள் ஐயோ பாவம் என்று பார்த்த ஆளை, அவள் பலே கில்லாடி என்று பார்த்திருக்கிறாள்.*

கடைசி ரீல் பெட்டியில் இல்லை. திம்மப்பன் விளக்கைப் போட்டுவிட்டார்.

“அப்பம் சிக்கலைன்னுதான் அர்த்தம்” என்றாள் பேச்சியம்மாள், எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டே.

(* இதெல்லாம் அவளே பிறகு சொன்னது. நான் அன்று பின்வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.)

3

படத்தில் அந்த ஆளைத் தினமும் சுவரோரம் நிறுத்தி அளக்கிறார்கள், கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. மற்றதெல்லாம் கதை, இது மட்டும் நிஜமாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. மத்திகிரி வாடகை வீட்டில் கூட இருந்த முனிலட்சுமியிடம், கதவுநிலையில் ராத்திரி படுக்குமுன் ஒரு கோடு போடச் சொன்னாள். காலையில் பாயை விட்டு எழுந்ததும் இன்னொரு கோடு. காலைக் கோடு ஒரு விரல்கடை மேலே இருந்தது.

திங்கட்கிழமை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், காலைல நான் நூத்தம்பது. நீங்க சாயந்தரம் அளந்துட்டீக.”

“ஒரு ஆளு ரெண்டு அளவா இருப்பாங்களா, பேச்சியம்மா?”

“எட்டு மணி நேரம் நின்னு பாருங்க சார், நீங்களும் இருப்பீக.”

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. அப்போதல்ல, எழுதும்போது. இத்தனை பிடிவாதத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா? நோயாளித் தகப்பனைக் கொடுத்து நாலு வரி எழுதினேன், அடித்தேன். படிக்கும் தம்பியைக் கொடுத்தேன், அவனையும் அடித்தேன். நான் கிளார்க் வேலைக்கு வந்தபோது ஏன் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரே ஒரு தடவை என்றார். வெள்ளிக்கிழமையோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது.

4

மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் அரை மணி நேரம். அந்த அரை மணியில் அந்த விரல்கடை போய்விடும் என்று அவள் கணக்குப் போட்டாள். புதன்கிழமை விடிந்ததும் அவள் எழுந்திருக்கவே இல்லை. முனிலட்சுமியும், முந்தின நாளே சொல்லிவைத்திருந்த திம்மப்பனும் பாயோடு தூக்கி, டெம்போவில் முட்டைக்கோஸ் மூட்டைகள்மேல் கிடத்தினார்கள்.

“குலுக்காம போங்க அண்ணாச்சி.”

“நாலு ஸ்பீட் பிரேக்கர் இருக்கம்மா.”

“ஏறி இறங்குங்க. மெதுவா.”

திம்மப்பன் சிரிக்கவில்லை. வேகத்தடைகளில் முதல் கியரில் போனார். மல்லாந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த வாக்கியம் இதுதான், அதனால் அடிக்காமல் விடுகிறேன்.

கேட்டிலிருந்து டைம் ஆபீஸுக்கு நூறு அடிக்குமேல் நடக்க வேண்டும். அளவுப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கேட்டுக்கே போனேன். செக்யூரிட்டி பார்த்தார். பார்க்கட்டும்.

5

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

அ. 150. எல்லோரும் கைதட்டுகிறார்கள். (பேனா என் கையில் இருக்கிறது, ஒரு சென்டிமீட்டர் எழுத எத்தனை நேரம்? அதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

ஆ. 149. அவள் தலைநிமிர்ந்து நடந்து (வேலை போனவளுக்கு இது என்ன ஆறுதல்?)

இ. நடந்தது.

நடந்தது இது. டெம்போவிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையில் முதுகு ஒட்ட நின்றாள். நான் கிட்டே போனேன். நான் ஆறடி.

“சார்,” என்றாள், நேரே பார்த்தபடியே. “இன்னைக்காச்சும் குனிஞ்சு பாருங்க.”

அவள் பெஞ்சில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான்: கண்ணை அளவுக்கு நேரே வை, மேலேயிருந்து பார்த்தால் குறைத்துக் காட்டும். வியாழக்கிழமை நான் நின்றபடியே எட்டிப் பார்த்து எழுதினேன். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஒப்பந்தக்காரி எப்படிச் சொல்வாள்? என்னை இன்னொரு தடவை அளக்க வைக்கத்தான் கதவுநிலை, பாய், முட்டைக்கோஸ் எல்லாம். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

குனிந்தேன். அவள் உச்சந்தலையும் என் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்தன. எண் தெளிவாகத் தெரிந்தது.

அதை இங்கே எழுதப் போவதில்லை. அவளைப் பற்றி ஒரு எண்ணை நான் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். இந்தமுறை நான் நகர்ந்துகொள்கிறேன், பலகையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நீங்கள் வந்து பாருங்கள்.

குனியுங்கள். இன்னும் கொஞ்சம்.