சீர்க் கட்டில்

செல்வி இரண்டு முறை நாற்காலியை இழுத்துப் போட்டும் அம்சவேணி உட்காரவில்லை. டெல்லியில், செல்வியின் ஜனக்புரி வீட்டு மாடியறையில், வெள்ளைச் சேலைக்கு மேல் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றாள். எதிரே அந்தக் கட்டில். அதனடியில் ஒருவர் டார்ச் விளக்குடன் மல்லாந்து கிடந்தார். அவருடைய கம்பளி உறை போட்ட பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சன்யால் என்ற வங்காளி. பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விடும் கடையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். செல்விக்கு மாமனாராக வரப்போகும் மேஜர் பாலசுப்ரமணியத்தின் சிநேகிதர். மேஜருக்குப் பழைய பொருள்களில் பித்து. கல்யாணச் சீரோடு பழங்காலக் கட்டில் ஒன்றும் வருகிறது என்று கேள்விப்பட்டதும், ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க அப்பாரு படுத்த கட்டிலுங்க," என்றாள் செல்வியின் அம்மா பூங்கோதை, மேஜரின் மனைவியிடம். "பாளையக்காரரு அரமனையில இருந்து அவருக்கு வெகுமதியா வந்தது. அந்தக் காலத்து ஈட்டி மரம். இப்ப இந்த மாதிரி மரம் எங்கீங்க கெடைக்குது?" சொல்லிக்கொண்டே திரும்பியவள், குரலைத் தணித்து, "நங்கையா, கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க. கொழந்தை படுக்கப்போற கட்டிலு. உங்க சீலை பட்டுறப் போவுது," என்றாள்.

அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்று அழைக்கிற மரியாதையில் மட்டும் அவள் என்றைக்கும் குறை வைத்ததில்லை. அம்சவேணி ஓரடி பின்னால் நகர்ந்தாள். விதவையானவள் மணக்கட்டிலைத் தொடக்கூடாது என்பது பூங்கோதை சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. கணவன் போனதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் முன்வரிசைக்கு வந்ததில்லை. யாரும் தள்ளி நிற்கச் சொல்லும் முன்பே தள்ளி நின்று பழகியவள். அது அவளுடைய கௌரவம்.

ஆனால் அந்தக் கட்டில் பூங்கோதையின் அப்பாருடையது அல்ல. அது அம்சவேணியின் சீர்.

அன்னூரில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அவள் அய்யன் என்று அழைக்கும் அப்பா, மூக்கன் ஆசாரி என்ற தச்சரை மாட்டுக்கொட்டகையில் உட்காரவைத்துக் கட்டில் வேலை பார்க்கச் சொன்னார். பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தடுக்குக் கட்டியிருந்தார்கள். ரம்பம் இழுக்கும் ஓசையும், இழைப்புளி ஓடும் ஓசையும், சீவிய மரத்தின் வாசனையும்தான் அவளுக்குக் கிடைத்தன. ஒருநாள் ஆசாரி பனையோலை நறுக்கு ஒன்றைக் கொண்டுவந்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அவளை அளந்துகொண்டு போனார். முகூர்த்தத்துக்கு உட்காரும் மணைப்பலகைக்காக இருக்கும் என்று நினைத்தாள். மணைப்பலகைக்கு எதற்கு ஆளின் உயரம் என்று கேட்கத் தோன்றாத வயது.

சீர் இறங்கிய அன்று, பாவாடை தாவணியில் இருந்த பூங்கோதை கட்டிலுக்கடியில் புகுந்து வெளியே வந்தாள். "கட்டில் காலுப் பித்தளையில இங்கிலீசு எழுத்துப் போட்டிருக்குது! இது ஊட்டியில செத்த வெள்ளக்காரன் படுத்த கட்டிலு! அண்ணனுக்கு வந்த சீரைப் பாருங்க!" பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாமியார் கட்டிலைத் தூக்கிப் பஞ்சு மூட்டை போடும் அறையில் போடச் சொன்னாள். சாவு விழுந்த கட்டிலில் மகனைப் படுக்கவைக்க அவள் சம்மதிக்கவில்லை. அம்சவேணியின் அய்யன் தலை குனிந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவே இல்லை.

பித்தளை ஊட்டிக் கடையில் வாங்கியதாக இருக்கும்; கட்டில் புதிது; என் காதால் ரம்பச் சத்தம் கேட்டேன். இதையே அவள் இத்தனை காலமும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அன்று இரவு பாயில் படுத்தவள், மகனுடைய கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸின் குளிரிலும் இன்றுவரை பாயில்தான் படுக்கிறாள். மகன் கட்டில் வாங்கிப் போட்டபோது அதில் துணி மடித்து வைத்தாள். ஊரில் வீட்டைப் பாகம் பிரித்தபோது, அடுப்புக்கு ஆகும் என்று சொல்லிப் பூங்கோதை அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றியதும் அவளுக்குத் தெரியும். பத்திரிகை வைக்க வந்த செல்வி, "அத்தை, அம்மாவோட அப்பாரு கட்டில் எனக்குத் தராங்க, டூ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்டாம்! மேஜர் அங்கிள் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பார்க்கப்போறாராம்!" என்று குதித்தபோதுதான், அம்சவேணிக்குத் தன் நாள் வந்துவிட்டது என்று புரிந்தது.

விஷயம் தெரிந்த ஒருவர் கட்டில் புதிது என்று சொன்னால் போதும். அய்யன் பழையதைக் கொடுக்கவில்லை என்பது நிரூபணமாகும். அப்பாரு, பாளையக்காரர், அரண்மனை எல்லாம் சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரே அடியில் பொய்யாகிவிடும். பந்தலில் அய்யன் தலை குனிந்த மாதிரி பூங்கோதை தலை குனிய வேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே காலையில் தலைக்குக் குளித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

சன்யால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கையில் ஒரு திருகாணி. அதை ஜன்னல் வெயிலில் மேஜரிடம் காட்டினார். தலையில் உள்ள வெட்டு நடுவில் இல்லாமல் ஒருபுறமாக ஒதுங்கியிருந்தது. மரை ஒரே சீராக இல்லை. மெஷின் வருவதற்கு முன் கையால் அரத்தில் ராவியது. நான்கு தூண்களின் அடியில் விரிந்த தாமரை இதழ் விக்டோரியா ராணி பட்டத்துக்கு வருவதற்கு முந்திய பாணி. நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் முதன்முதலாகப் பங்களா கட்டிய காலத்தில், இங்கிலாந்துப் படத்தை வைத்துக்கொண்டு நம்மூர்த் தச்சன் செய்தது. அசல் பழைய சாமான்தான் என்று தூணைத் தட்டிக் கொடுத்தார். "அஸ்லி சீஸ் ஹை, மேஜர் சாப்."

"நாஞ் சொன்னனில்ல!" பூங்கோதையின் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக அம்சவேணியின் பக்கம் திரும்பினாள். "ஏனுங் நங்கையா, அன்னைக்கே நாஞ் சொன்னேன். பழசுதானுங்களே?"

அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. எதுவும் மறக்கவில்லை. அம்சவேணி அந்தத் திருகாணியைப் பார்த்தாள். பழையதேதான். ஊட்டியில் ஏதோ ஏலத்தில் எடுத்ததைத்தான் அய்யன் கொடுத்திருக்கிறார். அப்படியானால் அந்தத் தடுக்கு எதற்கு? அந்த ரம்பச் சத்தம் எதற்கு?

சன்யால் இன்னும் முடிக்கவில்லை. கட்டிலின் நீளச் சட்டத்தை விரலால் தடவி, உச்சுக்கொட்டினார். ஒரே ஒரு குறை. இரண்டு பக்கச் சட்டத்தையும் பிற்காலத்தில் ஒரு சாண் குறைத்து அறுத்து, மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். பொருத்தில் இறுக்குவதற்கு மஞ்சள் துணி சுற்றிய ஆப்பு வேறு. அறைக்குள் அடங்கவில்லை என்று எந்த முட்டாளோ இப்படி நாசம் செய்திருக்கிறான் என்றார்.

ஓலை நறுக்கு. உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை.

இன்னொருவன் உடம்புக்குச் செய்த கட்டிலில் மகளைப் படுக்கவைக்க அய்யனுக்கும் மனம் ஒப்பவில்லை. அவளை அளந்து, அவளுக்குப் பொருந்துகிற சுப அளவுக்குக் கணக்குப் பார்த்து, மஞ்சள் சுற்றிய ஆப்பு அடித்து, அதை அவளுடைய கட்டிலாக மாற்றியிருக்கிறார். பந்தலில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் பழையது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

"பூங்கோதை," என்றாள் அம்சவேணி. "இந்தக் கட்டிலு ஆரு கொண்டாந்தது?"

"இப்ப எதுக்குங் அதெல்லாம்? சம்பந்தி ஊட்டு ஒறம்பரை உக்காந்திருக்குது."

"அன்னைக்கும் ஒறம்பரை இருந்துது. பந்தல்ல சத்தம் போட்டுச் சொன்னியே, அதே வாயில இன்னைக்குஞ் சொல்லு. ஆரு ஊட்டுச் சீரு இது?"

பூங்கோதை மேஜரைப் பார்த்தாள்; மேஜரின் மனைவியைப் பார்த்தாள். கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றினாள்.

"சொல்ல மாட்டே. சொன்னா உங்க அப்பாரு அரமனை போயிரும்."

அம்சவேணி சன்யாலின் பக்கம் திரும்பினாள். காய்கறிக்காரனிடம் பேசிப் பழகிய இந்தி போதுமானதாக இருந்தது. "காட்னேவாலா பேவகூஃப் நஹீ தா," என்றாள், ஒவ்வொரு சொல்லாக. "மேரா பாப் தா." அறுத்தவன் முட்டாள் இல்லை, என் அப்பா. அறையில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது.

செல்வி காஜர் அல்வாத் தட்டுடன் வாசல்படியில் வந்து நின்றிருந்தாள். நல்ல பெண். கிட்வாய் நகருக்கு வரும்போதெல்லாம் பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, கால் பிடித்துவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அம்சவேணிக்கு ஒரு கணம் நெஞ்சு தயங்கியது. அவளும் ஓர் அப்பன் சீர் கொடுத்து அனுப்பும் மகள்தான். அப்போது பூங்கோதையின் கை நீண்டு, கட்டிலுக்கும் அம்சவேணிக்கும் நடுவில் தடுப்பது போல நின்றது.

"அக்கட்டால வாங்க நங்கையா. சீலை படுது. கீழ போயிப் பேசிக்கலாம்."

அம்சவேணி அந்தக் கையை மெல்ல விலக்கினாள். சால்வையைக் கழற்றி நான்காக மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். செல்விக்காக விரித்திருந்த ரோஸ் நிற விரிப்பின்மேல் உட்கார்ந்து, வெள்ளைச் சேலையின் கொசுவத்தைக் காலோடு சேர்த்து ஒழுங்கு செய்துகொண்டு, நேராக நீட்டிப் படுத்தாள்.

"ஐயோ!" என்றது மேஜரின் மனைவியாக இருக்க வேண்டும். நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. யாரோ வேகமாகப் படியிறங்கினார்கள். "மேரி மா, ஷாதிகா பலங் ஹை!" என்று, அது கல்யாணக் கட்டில் என்பதைச் சன்யால்கூட எடுத்துச் சொன்னார். பூங்கோதை அழத் தொடங்கியிருந்தாள். அம்சவேணி யாரையும் பார்க்கவில்லை. நான்கு தூண்களுக்கும் மேலே கொசுவலைச் சட்டம் வெறுமையாக இருந்தது. அவளுடைய உச்சந்தலை தலைமாட்டுப் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இரண்டு குதிகால்களும் கால்மாட்டுப் பலகையில், வைத்து அளந்தது போல, வந்து முட்டி நின்றன. வாசல்படியில் செல்வியின் கையிலிருந்த தட்டிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.