மூன்றாவது சுருள்

காற்று ஏறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்ட படகெல்லாம் பதில் சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. என் கணவரின் படகு மட்டும் வாயைத் திறக்கவில்லை. துறைமுக வானொலி அறையில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"செட்டு நல்லாத்தான் இருக்கு, அண்ணி," என்றான் கொழுந்தன். அவன்தான் இங்கே மெக்கானிக். முந்தின நாள் ரிசீவரைத் திறந்து 'சரி' செய்திருந்தான். "சத்தம் முன்னைவிட ரெண்டு மடங்கு. இரைச்சலே இல்ல."

இல்லைதான். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. நேற்றுவரை காதைக் குடையும் அந்த இரைச்சலுக்கு நடுவேதான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ள என்னடா பண்ணின?"

"ஏரியல்ல ஊர்ப்பட்ட சிக்னல் வந்து விழும். இந்த மூணு சுருளும் நம்ம அலைவரிசையை மட்டும் பொறுக்கிப் பெருசாக்கும், மத்ததைக் கண்டுக்காது. ஆனா ஒண்ணு கொஞ்சம் மேல, ஒண்ணு கொஞ்சம் கீழன்னு ஆளுக்கொரு பக்கம் நின்னுச்சு. மூணையும் ஒரே புள்ளியில கொண்டுவந்துட்டேன்."

"அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல யாராவது பேசினா?"

"கேக்காது. அதுக்குத்தானே..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் அண்ணன் படகில் இருப்பது கிழட்டுச் செட்டு. சூடேறினால் அலைவரிசை நழுவும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இவன் அதைக் கிண்டல் வேறு செய்வான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். ஆனால் அவன் கை வேண்டியிருந்தது.

"ஒரு சுருளைப் பழையபடி கலைச்சு விடு."

"மத்த படகெல்லாம் மெதுவாக் கேக்கும், அண்ணி."

"அவங்க வந்துருவாங்க. கலைடா."

பிளாஸ்டிக் திருப்புளியை மூன்றாவது சுருளின் திருகில் வைத்துத் திருப்பினான். மீட்டர் முள் இறங்கியது. யாரோ ஒருவரின் கொரகொரப்பு வந்தது, அவர் இல்லை. எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னேன். இரைச்சல் பொங்கியது. அதன் அடியிலிருந்து, மெலிதாக:

"...இன்ஜின் போச்சு. லைட்ஹவுஸுக்குத் தெக்க, பாறைப் பக்கம் இழுக்குது..."

மீட்புப் படகுக்குப் போனில் இடத்தைச் சொன்னேன். கிளம்பிவிட்டோம் என்றார்கள். அப்புறம்தான் மைக்கை எடுத்தேன்.

"நான் பேசுறது கேக்குதாங்க?"

"காலையிலேர்ந்து கேக்குது. நீ கூப்பிட்டப்பல்லாம் பதில் சொன்னேன். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டே இருந்த."

"இப்பக் கேக்குது. பேசிக்கிட்டே இருங்க," என்றேன்.

கொழுந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. திருகின் மரை தேய்ந்திருந்தது, விட்டால் நழுவிவிடும். இரண்டு சொட்டு மெழுகு விட்டால் அப்படியே நிற்கும். அதற்குத் திருப்புளியை ஒரு கணம் எடுக்க வேண்டும்.

மீட்புப் படகு அவரைப் போய்த் தொடும்வரை அவன் அதை எடுக்கவில்லை.