தாய்மாமன் பெயர் போட்ட பத்திரிகை

கிளியம்மாள் டெலிபோன் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் உழைத்துப் பெற்ற ஓய்வுப் பணம் முழுவதும், மறைமலை நகரில் ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியின் பங்குகளாக இருந்தது. முதலாளி ஜெயவேலுவும் அவளும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே தெரு.

ஜெயவேலு செய்த வேலை இது: பாதிச் சரக்கை அங்காளி டிரேடர்ஸ் என்ற கடைக்குப் பாதி விலைக்குத் தள்ளினார். கடை அதையே முழு விலைக்கு விற்றது. லாபம் அங்கே, நஷ்டம் பங்குதாரர் தலையில். கிளியம்மாள் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, 1988-இல் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டாள். அறுபது ரூபாய்ப் பங்கு மறுநாளே பதினொன்றுக்கு விழுந்தது. விழுந்த சத்தம் தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்டது.

"கேஸ் போட்டு நம்ம ஷேரை நீங்களே சாவடிச்சிட்டீங்கக்கா," என்றார், கையெழுத்துப் போட்ட தயாளன்.

கடைக்காரர் சிட்டிபாபு யாரென்றே தெரியாது என்று ஜெயவேலு கோர்ட்டில் சத்தியம் செய்திருந்தார். உறவு என்று நிரூபிக்காவிட்டால் வழக்கு தள்ளுபடி. கிளியம்மாளின் வக்கீல் சவுரிமுத்து கையைப் பிசைந்த பிசைவில் ரேகையே அழிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஜெயவேலு மகளுக்குக் கல்யாணம். தெருவில் ஒரு வீட்டை விட்டாலும் ஊர் பேசும். ஆகவே அவர் மனைவி சாமுண்டீஸ்வரி குங்குமத் தட்டோடு கிளியம்மாள் வீட்டுக்கும் வந்தாள்.

"கேஸ் கோர்ட்டோட போவட்டும்க்கா. வராம இருந்துடாதீங்க."

"வராம இன்னா? மொத பந்தியிலேயே குந்திக்கிறேன்."

பத்திரிகை ஒரு படி அரிசி கனம். பின்பக்கம் முழுக்க உறவினர் பெயர்கள். வாக்காளர் பட்டியல் தோற்றுப்போகும். முதல் பெயர் கொட்டை எழுத்தில்: 'தாய்மாமன் சிட்டிபாபு, உரிமையாளர், அங்காளி டிரேடர்ஸ்.'

"கடைப் பேரு போடலைன்னா மேடை ஏற மாட்டேன்னுட்டான் என் தம்பி," என்றாள் சாமுண்டீஸ்வரி பெருமையாக.

"நல்லா பெருசா போட்டுகிறீங்க. எனக்குக் கண்ணாடியே வேணாம்."

வியாழக்கிழமை கோர்ட்டில் சவுரிமுத்து நீட்டிய அந்தப் பத்திரிகையை நீதிபதி இரண்டு முறை படித்தார்.

"மரியாதைக்குத் தாய்மாமன்னு போடறதுண்டுங்க," என்றார் கம்பெனி வக்கீல்.

இங்கிலீஷிலேயே பிறந்தவர் போலிருந்த நீதிபதி தமிழுக்கு இறங்கினார். "மரியாதைக்கு அண்ணன்னு போடுவாங்க. தாய்மாமனை யாரும் வாடகைக்கு எடுக்கிறதில்லையே."

மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது. ஜெயவேலு குடும்பம் மொத்தமும் நிர்வாகத்திலிருந்து வெளியே; கம்பெனியை நடத்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்; கடை தின்ற லாபம் திரும்ப வர வேண்டும். வெள்ளிக்கிழமை பங்கு பதினொன்றிலிருந்து முப்பதுக்கு எகிறியது. பங்குச் சந்தையில் தரகர்கள் கத்திய கத்தலில் பாரிமுனைக் காக்கைகள் தாம்பரத்துக்குக் குடிவந்தன. தயாளன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "நான் அப்பவே சொன்னேன்க்கா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிளியம்மாள் பட்டுப்புடவை கட்டி மண்டபத்துக்குப் போனாள். முதல் பந்தி, பாயசம் மூன்று முறை. பன்னீர்ச்செம்போடு நின்ற சாமுண்டீஸ்வரி அவளைத் தாண்டி அடுத்தவர் மேல் தெளித்தாள்.

"கூப்ட்டியேம்மா, வந்தேன்," என்றாள் கிளியம்மாள். "பத்திரிகை மிச்சம் இருந்தா இன்னொண்ணு குடு. என்னுது கோர்ட்டுல மாட்டிக்கினுகீது."