'கிவ் அப்' வைத்து ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு வீண் பயத்தில் பிறந்தது. பயந்தவர் சிவசங்கரன், பழங்காநத்தத்தில் மாலை டியூட்டோரியல் நடத்திய இருபத்தாறு வயது ஆங்கில வாத்தியார். வருஷம் 1979. முதலில் இப்படித் தொடங்கினேன்:

வைகையில் தண்ணீர் புரண்டு வந்த ஒரு மாலையில் அவர்

(நிறுத்திவிட்டேன். அந்த வருஷம் வைகை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கதைக்கு ஆறும் வேண்டாம், ஒரு நோட்டு போதும்.)

2

'கிவ் அப்' என்றால் விட்டுவிடுவது என்றார் சிவசங்கரன். சிகரெட்டை விடலாம், வேலையை விடலாம், நம்பிக்கையை விடலாம். எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு சொல்லே போதும். ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார்.

ஒச்சாயி ஆஸ்பத்திரி ஆயா. முப்பத்தெட்டு வயது. எட்டாம் வகுப்பு தேறினால்தான் வேலை நிரந்தரம். அவள் எழுதி வந்தது: 'ஐ வில் கிவ் அப் மை ஸ்டடீஸ்.' படிப்பை விட்டுவிடுவேன்.

பிழையே இல்லை. சிவப்பு மையில் 'குட்' போட்டுக் கொடுத்தார். மறுநாளிலிருந்து ஒச்சாயி வரவில்லை. பரீட்சை விண்ணப்பத்தில் அவள் கையெழுத்து வேண்டும். சனிக்கிழமை கடைசி நாள். ஒரு மனுஷி விடப்போகிறேன் என்று எழுதியே காட்டியிருக்கிறாள், நாம் 'குட்' போட்டோமே என்று சிவசங்கரனுக்குச் சோறு இறங்கவில்லை.

3

(இந்த இடத்தில் அவள் கணவனை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். ஒச்சாயி படித்தால் முறைப்பாள் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பத்தோடு அவளுடைய ஊரான எழுமலைக்கு பஸ் ஏறினார். ஒச்சாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"என்ன சார், இம்புட்டுத் தூரம்?"

"படிப்பை விடப்போறேன்னு எழுதிட்டு வந்துட்டீங்களேம்மா."

ஒச்சாயி முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்கதான சார் சொன்னீங்க, நெசமா இருக்கணும்னு இல்ல, வாக்கியம் சரியா இருந்தாப் போதும்னு. நானாக் கட்டி எழுதுனேன்."

சொன்னது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"அப்போ ஏன் வரலை?"

"அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கோம்ல. பொங்கல் முடியிற வரைக்கும் ஊரெல்லையத் தாண்டக் கூடாது. ஒங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

அப்பாடா என்று சிவசங்கரன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐந்து நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. ஒச்சாயி விண்ணப்பத்தை ஒரு வரி விடாமல் எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

"சாப்பிட்டு வெளிச்சத்தோட கெளம்பிருங்க சார். ராத்தங்கினா நீங்களும் பொங்கல் முடிஞ்சுதான் போகணும்."

4

பரீட்சையில் தேறினாளா? தேறினாள் என்று ஒரு முடிவு எழுதினேன். இரண்டாம் முறை தேறினாள் என்று இன்னொன்று. இரண்டும் நான் கட்டி எழுதியவை. அப்படிப்பட்ட ஒன்றை நம்பி எழுமலை வரைக்கும் ஓடியவரை இப்போதுதான் பார்த்தோம்.

ஆகவே நோட்டு உங்களிடம். ஒச்சாயியைப் பற்றி, 'கிவ் அப்' வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். நிஜமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'குட்' போடுவதற்கு முன்னால் நான் ஒரு நடை எழுமலைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.