கிணற்று மேடு வரை எட்டாத வடிகட்டி

என் பெயர் மரிய ஆனந்த். வயது இருபத்து மூன்று. பெங்களூரில் பொம்மசந்திரா பக்கம், நாங்கள் நான்கு பேர் தங்கியிருக்கும் அறைக்கு மேலே, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். நான் பேசப் பேச ஃபோன் எழுதிக்கொள்கிறது. நம் ஊர்ப் பேச்சில் பேசினால் அது கண்டதையும் எழுதுகிறது. அதனால் கோவிலில் வாசகம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் பிறகு கையால் அவரவர் பேசினபடியே மாற்றிவிட்டேன்.

சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் குடும்ப குரூப்பில் தொப்பூரிலிருந்து புதுச் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அரூர் பக்கத்துச் சவரிராயன், மிக்கேலம்மாள் மகன். எனக்கு ஒரு தங்கை, ஷைனி. காலேஜில் படிக்கிறாள். எனக்கு இங்கே ஒரு ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் லைன் பார்க்கும் வேலை.

அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். “போடு. தூளு கதைய மட்டும் சுருக்கமா போடு” என்றார். சுருக்கமாக வராது போலிருக்கிறது. கடைசியில் நான் கேட்கப்போவதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் இந்த குரூப்பில் இல்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை. அரூர் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். தவக்காலத்தில் ஒரு நாள் ஃபோனில் செய்தி படிக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. வெந்நீரில் கலந்து குடித்தால் சர்க்கரை வேரோடு போய்விடும் என்று ஒரு தூளைக் காட்டி, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பேசியிருக்கிறார். அப்பா அதைத் தொட்டு, கேட்ட இடத்தில் பெயரையும் நம்பரையும் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்ய ஆரம்பித்தாள். பெயர் பிரியதர்ஷினி என்றாளாம். உண்மைப் பெயரோ என்னவோ. தூள் கூரியரில் வந்தது. அதோடு மாத்திரை சேரக் கூடாது என்று அவள் சொல்ல, அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நடுவதற்கு வெட்டி வைத்திருந்த குச்சி ஒன்று கால் பெருவிரலில் குத்திவிட்டது. புண் ஆறவில்லை. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, இது இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். தூள் விஷயம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. இனிமேல் ஒழுங்காக மாத்திரை போடுகிறேன் என்று அப்பா தலையாட்டினார்.

அதற்குள் விளம்பரம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. அம்மா ஃபோனில் சமையல் பார்த்தால் நடுவில் தூள். ஷைனி பஸ் நேரம் பார்த்தால் புண்ணுக்குத் தைலம். நாம் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது நமக்குத் தெரியாமல் வேறு பல இடங்களுக்குத் தகவல் சொல்லும். இந்த வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை, கால் புண் என்று தேடுகிறார் என்று எங்கெங்கோ பதிவாகிவிட்டது. இங்கே வேலையில் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

ஃபாக்டரியில் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, லீவ் போட்டு ஊருக்கு வந்தேன். டிவிக்குக் கீழே வைத்து, அதில் ப்ராக்ஸி என்னும் வடிகட்டியை ஏற்றினேன். மூடி வைத்தாலும் தூங்காமல் ஓடும்படி செய்தேன். பிறகு வீட்டிலுள்ள மூன்று ஃபோனையும் ஒவ்வொன்றாக வாங்கி, வைஃபை செட்டிங்கில் போய், எதைத் திறந்தாலும் முதலில் லேப்டாப்பிடம் போகும்படி அதன் விலாசத்தைப் போட ஆரம்பித்தேன்.

அப்பா கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதென்னாடா, பாரஸ்ட் செக்போஸ்ட்டா?”

“அப்படித்தாங்கப்பா. போனு நேரா வெளிய போவாது. மொதல்ல இதுகிட்ட கேக்கும். இது லிஸ்ட்ட பாத்துட்டு நல்ல எடம்னா உடும். வெளம்பரக்காரன்னா திருப்பி அனுப்பிரும்.”

“வண்டிய நிறுத்தி உள்ளாற சோதன போடுமா?”

“உள்ள பாக்காதுங்க. இப்பல்லாம் எல்லாமே ஒட்டுன கவரு மாதிரி தான் போவுது. மேல இருக்கற விலாசத்த மட்டும் பாக்கும்.”

“அப்ப கவர்ல நல்ல பேரா எழுதிக்கிட்டு வந்தா உட்ரும்.”

“உட்ரும் தாங்க.”

“நல்ல வாட்ச்மேன புடிச்சாந்த. சம்பளம் என்னா?”

“கரண்டு தான்.”

அப்பா சிரித்தார். அந்த லீவில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ஷைனி சிரிக்கவில்லை. அந்த வடிகட்டிக்கு, யார் எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று பதிந்து வைக்கும் வசதியும் உண்டு. அதைத் திரையில் பார்த்துவிட்டாள்.

“அண்ணா, நான் எதெதுக்கு போறன்னு இதுல தெரியுமா?”

“எந்த எடம்னு தெரியும்.”

“அப்ப வெளம்பரக்காரன் பாக்கறதுக்கு பதிலா நீ பாப்ப. அவனுக்கு என் மூஞ்சி தெரியாது. ஒனக்குத் தெரியும். அவனே தேவலாம் போ.”

அவள் முன்னாலேயே அந்தப் பதிவை நிறுத்தினேன். நிறுத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் தன் ஃபோனைக் கொடுத்தாள். யார் பார்ப்பதையும் யாரும் பார்க்கக் கூடாது, அதற்குத்தானே இந்தப் பெட்டி என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

இன்னொன்றும் செய்தேன். தூள் கம்பெனியின் பக்கத்தை நானே தனியாகத் தடை லிஸ்ட்டில் சேர்த்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

பெங்களூர் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா கூப்பிட்டார்.

“ஆனந்து, பூசை வர மாட்டேங்குதுடா. வட்டம் சுத்திக்கிட்டே கெடக்குது.”

“எந்த பூசைம்மா?”

“நம்ம பங்குக் கோவில் பூசைதான். ஒங்கப்பா நடக்க முடியாம இருக்காரு, போன்லயாவது பாக்கலாம்னா. சாமியாரையும் வெளம்பரக்காரருன்னு நெனச்சிருச்சா ஒம் பொட்டி?”

கோவில் நேரலையோடு, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணும் ஒன்றையும் யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். அதைத் தடுத்ததில் மொத்தமும் நின்றுவிட்டது. ஷைனியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, எங்கே தொட வேண்டும், கோவில் பக்கத்தை எங்கே விலக்கு என்று சேர்க்க வேண்டும் என்று ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்தேன். பூசை வந்தது. அதற்குள் பிரசங்கம் முடிந்துவிட்டதாம். இன்று வரை அம்மா அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

அதன் பிறகு அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது அபூர்வம்.

“ஏன்டா, எனுக்கு கதவ சாத்திட்டியாமே. வெள்ளையா ஒரு பக்கம் வந்து இங்கிலீஷ்ல நிக்குது. ஷைனிய படிக்க சொன்னன்.”

“அது ஏமாத்துக் கம்பெனிங்கப்பா.”

“நான் என்னா கேக்கறன், நீ என்னா சொல்ற. சாத்தனியா இல்லியா?”

“சாத்தனங்க.”

“செரி. சொல்லிட்டு சாத்தியிருக்கலாம்.”

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் “நல்லா இருக்கன்” என்பதோடு ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தபோதும் சர்க்கரை இறங்கவே இல்லை. மாத்திரை அட்டை காலியாகிறது, சர்க்கரை அப்படியே நிற்கிறது என்று அம்மா அழுதார். எனக்கு உடனே சந்தேகம் வந்தது. எந்த வழியாகவோ தூள் இன்னும் வீட்டுக்குள் வருகிறது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஷைனியைக் கூப்பிட்டு, அதை மறுபடி ஓடவிடு, அப்பா ஃபோனுக்கு மட்டும் போதும் என்றேன்.

“எனக்கு சொன்ன வார்த்த அப்பாவுக்கு கெடையாதா?”

“அவரு கால் போயிரும்டி.”

“தெரியும். நான் தான் தெனமும் கட்டு மாத்தறன், நீ இல்ல. கேக்கணும்னா வந்து அவர் மூஞ்சிய பாத்து கேளு.”

சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

போனபோது அப்பா வீட்டில் இல்லை. அந்தக் காலோடு, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, எங்கள் கிழங்குக் காட்டுக்குப் போயிருந்தார். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். மாட்டுக் கொட்டகையைத் தாண்டியதும் வைஃபை போய்விட்டது. அதற்கப்புறம் சிம் கார்டின் நெட்தான். அதற்கு லேப்டாப்பும் தெரியாது, வடிகட்டியும் தெரியாது. நேராக வெளியே போகும், வெளியே இருப்பது நேராக உள்ளே வரும். அப்பா பகல் முழுக்க இருப்பது கிணற்று மேட்டில், புங்க மரத்தடியில். அவர் ஃபோன் பார்ப்பதும் அங்கேதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், வடிகட்டி போடும்போது அது எனக்குத் தோன்றவில்லை. பெங்களூரில் அறைக்குள்ளேயே கிடந்து, எல்லாம் சுவருக்குள் நடப்பதாகவே நினைக்கப் பழகிவிட்டேன்.

மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் ஃபோன் அடித்தது. கையெல்லாம் மண் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஒரு பெண் குரல் வந்தது.

“அப்பா, சாப்டீங்களா?”

“ஆச்சும்மா. களியும் கீரையும்.”

“கால் எப்படிப்பா இருக்கு? மோட்டர் ஓடலன்னு சொன்னீங்களே, ஆள் வந்தாங்களா?”

“வந்தான். மோட்டர்ல காயில் எரிஞ்சிருச்சாம். கட்டறதுக்கு எடுத்துட்டு போயிருக்கான்.”

“அச்சச்சோ. தண்ணி இல்லாம கஷ்டமா இருக்குமே. சரிப்பா, மாத்திரை எதும் போடலல்ல?”

“இல்லம்மா.”

மோட்டார் ஓடாதது எனக்குத் தெரியாது. ஃபோனை எடுத்து, “நான் அவரு பையன் பேசறன்” என்றேன். பிரியதர்ஷினி கட் செய்துவிட்டாள். நம்பரைத் தடுத்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன்.

“வேற நம்பர்ல வருவா” என்றார் அப்பா.

அதுதான் உண்மை. விளம்பரத்தை இனி தடுக்கலாம். ஒரு தடவை வெளியே போய்விட்ட நம்பரை எந்த வடிகட்டியும் திருப்பி வாங்கித் தராது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

“தூளு வேல செய்யலன்னு தெரியுதில்லங்கப்பா?”

“என் கால நான் பாக்கலியா. தெரியுது.”

“அப்பறம் ஏங்க?”

அவர் காலில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, மண்ணை உதறி, மறுபடி கட்டினார்.

“நிறுத்திட்டன்னு சொன்னா அவ போன் பண்ண மாட்டா.”

“மாத்திரய போட்டுக்கிட்டு, போடலன்னு சொல்ல வேண்டியதுதானுங்களே.”

“தெனமும் சாப்டியான்னு கேக்கற புள்ளகிட்ட பொய் சொல்ல வரலடா. ஒங்கம்மாகிட்டன்னா மாத்திரய வாய்க்கால்ல போட்டுட்டு அட்டய காட்டிருவன்.”

“நான் போன் பண்றதில்லீங்களா?”

“பண்ற. லைட்டு எரியுதா, யாராச்சும் ப்ளக்க புடுங்கினீங்களான்னு கேப்ப. பொட்டிக்கு ஒடம்பு செரியில்லாத மாதிரி.”

கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் கதையைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். தண்ணீர் இல்லாத வாய்க்கால் ஓரமாக அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் முன்னால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். நாளைக்கும் போடுவாரா என்று கேட்டதற்கு, “பாப்பம்” என்றார். சிம் கார்டின் நெட்டையும் வடிகட்டி வழியாகத் திருப்பிவிட வழி இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் அது அவர் ஃபோன். இந்தத் தடவை கேட்டேன். வேண்டாம் என்றார். செய்யவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கறுத்த இடத்தைச் சுரண்டிவிட்டு, அடுத்த முறை பார்த்துத்தான் விரலைப் பற்றி முடிவு சொல்வேன் என்றார். சர்க்கரை அதற்குள் இறங்க வேண்டும். கால் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது. ஒளித்து வைக்க வேறு ஒன்றும் இல்லை.

பிரியதர்ஷினி கூப்பிடுவது மத்தியானத்தில், அப்பா சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாயும் நேரத்தில். அந்த நேரத்தில் எனக்கு ஷிப்ட். ஃபோனை ஃபாக்டரி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் இப்போது தினமும் பேசுகிறேன். பெட்டியைப் பற்றிக் கேட்பதில்லை. அம்மாவிடமும் ஷைனியிடமும் அவருக்குப் பேச என்ன இருக்கிறது, எந்நேரமும் கூடவே இருக்கிறார்கள்.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும், அத்தையோ, சித்தப்பாவோ, தொப்பூர்க்காரர்களோ, ஒரு நாளைக்கு ஒருவர் என்று பேசி வைத்துக்கொண்டு, மத்தியானம் அப்பாவுக்கு ஃபோன் செய்யுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம். சாப்பிட்டீர்களா, கால் எப்படி இருக்கிறது, மோட்டார் ஓடுகிறதா என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு வைத்து, மறுநாள் கூப்பிடுகிறவருக்குச் சொல்லுங்கள். மாத்திரை போட்டீர்களா என்பதைக் கடைசியில் கேளுங்கள்.