எண்பத்தைந்தா, எண்பத்தேழா

வால்டன் என்ற மலையூரின் பெட்ரோல் பங்க்கில் மூன்று பொத்தான்கள் உண்டு. பெட்ரோலின் தரத்தைக் குறிக்கும் ஆக்டேன் எண்கள்: எண்பத்தைந்து, எண்பத்தேழு, தொண்ணூற்றொன்று. ஆர்வில் தன் எழுபத்தொரு வயதுக்குள் முதல் பொத்தானைத் தவிர இன்னொன்றைத் தொட்டவனில்லை. மற்ற இரண்டும் ஊருக்குப் புதிதாக வந்த ஏமாளிகளுக்காக வைத்தவை என்பது அவன் கட்சி.

"பின்னால குதிரையை ஏத்தின இழுவண்டி கட்டியிருக்கு. கணவாய் ஏறணும்," என்றாள் மனைவி லோர்னா. "இன்னிக்காவது எண்பத்தேழு போடேன்."

"கடலோரத்துல இருக்கறவங்களுக்கு அதெல்லாம். இங்க எட்டாயிரம் அடி உசரத்துல காத்தே அரைவயிறுதான். அரைவயிறு காத்துக்கு எதுக்கு விருந்துச் சாப்பாடு?"

"அது உன் பழைய வண்டிக்குச் சரி. இதுக்குப் புத்தகத்துலயே எண்பத்தேழுக்குக் கீழ போடாதேன்னு இருக்கு. இழுவை வேலைன்னா அதுக்கும் மேல போடுன்னு இருக்கு. படிச்சியா நீ?"

ஆர்வில் அதற்குள் முதுகைத் திருப்பிக் குழாயைச் செருகிக்கொண்டிருந்தான். எண்பத்தைந்து ஓடத் தொடங்கியது. லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள். பேசிப் பிரயோசனமில்லை என்று அவள் முடிவுகட்டி இரண்டு வருஷம் ஆகிறது.

அவளுக்கு இந்த விவகாரம் தெரியாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். எண் கூடக்கூட பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்கும். குறைந்தால் பாரம் ஏறும்போது நேரங்கெட்ட நேரத்தில் தானே பற்றிக்கொண்டு எஞ்சினை உள்ளேயிருந்து சுத்தியலால் அடிக்கும். மெல்லிய மலைக்காற்றில் பழைய வண்டிகள் குறைந்த எண்ணிலும் சமாளித்துவிடும். புது வண்டிகள் அப்படியில்லை. ஆனால் எஞ்சின் விஷயத்தில் ஆர்விலுக்குப் புத்தி சொல்ல அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. அவன் காது அப்படிப்பட்ட காது. கல்யாணத்தன்று காரின் பின்னால் நண்பர்கள் தகர டப்பாக்களைக் கட்டிவிட்டு, அத்தனை டப்பாவும் கடகடக்க இருவரும் தேவாலயத்திலிருந்து கிளம்பியபோது, "எஞ்சின் அடிக்குது" என்று காரை நடுத்தெருவில் நிறுத்தி, கோட்டு சூட்டோடு பானெட்டைத் திறந்த மகராசன் அவன். புதுப்பெண் அரை மணி நேரம் வெயிலில் நின்றாள். அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் வந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பிரியம் இன்று பின்சீட்டில் ஒரு பெரிய பெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஸ்டெர்லிங்கில் இருக்கும் மகள் நோரீனுக்குப் பிஸ்கட் என்ற பெண்குதிரையைக் கொண்டுபோய் விடுவது, இரண்டு நாள் தங்குவது, திரும்புவது. ஆர்வில் அறிந்தது இவ்வளவுதான். பெட்டிக்குள் லோர்னா குளிர்கால மேலங்கியையும் பனிக் காலணியையும் வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. செப்டம்பர் மாதத்தில் இரண்டு நாளைக்கு யாரும் பனிக் காலணி எடுத்துப் போவதில்லை. அவள் திரும்புவதாக இல்லை.

சண்டை ஒன்றுமில்லை. சண்டையாவது இருந்திருந்தால் தேவலை. காலையில் அவன் மாடு பார்க்கக் கிளம்பும்போது, படியிறங்கும் முதுகைப் பார்த்து, "பத்திரமா வா, கிழவா" என்பாள். அவனுக்குக் கிழவன் வயது வருவதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே அப்படித்தான் சொல்லிவந்தாள். அவன் திரும்பாமலே, "வராம எங்க போறேன்" என்பான். இரண்டு வருஷமாக அந்தப் பதில் வருவதில்லை. சாப்பாட்டு மேசையிலும் கேட்டதற்குப் பாதி பதில், பாதி முறைப்பு. தீவனக் கடையில் மட்டும் மற்ற ஆம்பளைகளோடு கைகொட்டிச் சிரிக்கிறான், ஒரு பேச்சைத் தவறவிடுவதில்லை. உனக்குக் காது கேக்கலையா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் கேக்குது," என்றான், நல்லாவே கேட்டதுபோல. அப்புறம் என்ன? தன் பேச்சு மட்டும் அவனுக்குப் புளித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒருத்தி இதைப் புரிந்துகொள்வது எப்படி வலிக்கும் என்பதைச் சொல்லி மாளாது.

கூல்ட் ஊரைத் தாண்டி ஏற்றம் பிடித்தது. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருந்தன. ஆர்வில் ஆக்சிலரேட்டரை மிதித்தான். குதிரை ஏற்றிய இழுவண்டி பின்னால் கனத்து இழுத்தது. அப்போதுதான் லோர்னாவுக்குக் கேட்டது. தகர டப்பாவில் பயறைப் போட்டுக் குலுக்குவதுபோல, பானெட்டுக்குக் கீழே சலசலவென்று ஒரு சத்தம்.

சொல்லட்டும் அவனே என்று பேசாமலிருந்தாள். எண்பத்தைந்து போட்ட வீராப்புக்கு அவனே வாயைத் திறக்கட்டும். அடுத்த வளைவில் சத்தம் கூடியது. ஆர்வில் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு புல்வெளியைப் பார்த்தான்.

"இந்த வருஷம் புல்லு நல்லாருக்கு," என்றான்.

லோர்னா அவன் முகத்தைப் பார்த்தாள். வீம்பு பிடிக்கும்போது அவன் தாடை இறுகும். அதை அவள் ஆயிரம் முறை பார்த்தவள். இப்போது தாடை தளர்ந்து, முகம் சாவகாசமாக இருந்தது. எஞ்சின் இப்படி அடித்துக்கொள்ளும்போது ஆர்வில் சாவகாசமாக இருப்பதா? அடுத்தவன் வண்டி அடித்தாலே சோறு இறங்காதே இவனுக்கு!

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாதாரணக் குரலில் சொன்னாள்: "ஆர்வில், உன் மீசையில தீப்பிடிச்சிருக்கு."

"பிஸ்கட் சமத்தா நிக்கறா பாரு, ஒரு ஆட்டம் இல்ல," என்றான் ஆர்வில், கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி.

"கணவாய் உச்சியில நிறுத்து!" என்று அவள் அவன் தோளைப் பிடித்துக் கத்தினாள். "அதுவரைக்கும் கியரைக் குறைச்சு மெதுவா போ!"

"எதுக்குக் கத்தற?"

உச்சியில் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினான். காற்று சில்லென்று அடித்தது. அவன் இறங்கி வழக்கம்போல முதலில் குதிரையைப் பார்த்துவிட்டு வந்தான். லோர்னா அவன் எதிரே போய் நின்றாள்.

"எஞ்சின் அடிக்குது."

"அடிக்கல."

"ஏழு மைலா அடிக்குது."

"என்கிட்ட சொல்றியா?" அவன் சிரித்தான். "அடிச்சா எனக்குக் கேக்காதா?"

லோர்னா கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். மூடிய கைக்குப் பின்னாலிருந்து, எப்போதும் பேசுகிற அளவு சத்தத்தில், "உன் அம்மா பேரு என்ன?" என்று கேட்டாள்.

"கையை எடுத்துட்டுப் பேசு."

"ஏன்?"

"வாயை மறைச்சா எப்படிக் கேக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். வாய் திறந்தபடி இருந்தது. தான் சொன்னது என்ன என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. அதை அவன் தலை திருப்பிப் பார்த்தான். அது கேட்கிறது. ஆம்பளைகளின் கட்டைக் குரல் கேட்கிறது, மாடு கத்துவது கேட்கிறது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கின்றன. எஞ்சினின் சலசலப்பு. அவளுடைய குரல்.

"நிஜமா அடிச்சுதா?" என்று கேட்டான்.

"பயறு குலுக்கற மாதிரி."

அவன் பிக்கப்பின் பம்பரில் உட்கார்ந்தான். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"லோர்னா," என்றான், "காலையில நான் கிளம்பறப்போ ஒண்ணு சொல்லுவியே. அதை இன்னும் சொல்றியா நீ?"

"ஒரு நாள் விட்டதில்ல."

"நீ நிறுத்திட்டேன்னு நினைச்சேன்." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "நான் என்ன தப்பு பண்ணேன்னு ரெண்டு வருஷமா மாட்டுக்கொட்டாய்ல உக்காந்து யோசிச்சிட்டிருந்தேன். அந்தக் கீழ்வயலை வித்ததுக்கா, உன் தங்கச்சி வந்தப்போ நான் சரியாப் பேசாததுக்கா... கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயந்து கேக்கல."

லோர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு வருஷம் தன்னை வேண்டாதவள் என்று நினைத்து அவள் வெந்துகொண்டிருக்க, அதே வீட்டின் இன்னொரு மூலையில் அவனும் வெந்துகொண்டிருந்திருக்கிறான். அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவன் தொப்பி கீழே விழுந்து உருண்டது. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நல்ல தொப்பிதான்; கொஞ்ச நேரம் கழித்து அவளே ஓடிப்போய்ப் பிடித்து வந்தாள்.

இறக்கத்தில் எஞ்சினுக்குப் பாரமில்லை, சத்தமுமில்லை. ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கினார்கள். "இப்ப?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டான் ஆர்வில். "இல்ல," என்று ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள் அவள். அவன் நிம்மதியாக மூச்சு விடுவான். அடுத்த வளைவில் மறுபடியும் கேட்பான். பிறத்தியார் காதை நம்பி வண்டி ஓட்டுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை, பாவம்.

மலைச்சந்து முடிந்து சமவெளி விரியும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். நல்ல கூட்டம். ஆர்வில் குழாய்க்கு முன்னால் போய் நின்று மூன்று பொத்தான்களையும் பார்த்தான். கை முதல் பொத்தான் வரை போய்த் திரும்பியது.

"நீயே அழுத்து," என்றான்.

டாங்கில் பாதிக்கு எண்பத்தைந்து கிடந்தது. இனிமேல் கீழே போகப்போகக் காற்று கெட்டி. எஞ்சினுக்கு அழுத்தம் கூடும். தொண்ணூற்றொன்றை ஊற்றினால் இரண்டும் கலந்து எண்பத்தேழுக்கு மேலேயே நிற்கும். லோர்னா மூன்றாவது பொத்தானை அழுத்தினாள். ஆர்வில் குழாயைப் பிடித்து ஊற்றினான். அவன் தலைக்குப் பின்னால் வெள்ளை முடி காற்றில் பறந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு இனியும் அதை உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

"நான் நோரீன் வீட்டுலயே இருந்துடறதாத்தான் கிளம்பினேன்," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அவன் திரும்பவில்லை. பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். சொல்லியும் ஆயிற்று, அவனுக்குத் தெரியாமலும் போயிற்று. அவள் பாரம் இறங்கியது, அவன் மனசு நோகவில்லை. இதைவிடத் தோதான ஏற்பாடு யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அவனுக்குக் கேட்காத பேச்சு இரண்டு வருஷத்துக்கு ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிறது. இன்னொன்றை அதோடு சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை. பிக்கப்பைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"ஆர்வில்! நான் உன்னை விட்டுட்டுப் போகத்தான் கிளம்பினேன்! நோரீன் வீட்டுக்கு! திரும்பி வராம!"

பக்கத்துக் குழாயில் நின்ற இளைஞன் ஒருவன் சட்டென்று தன் வண்டியின் டயரை ஆராயத் தொடங்கினான்.

ஆர்வில் அவளைப் பார்த்தான். கேட்டுவிட்டது என்று தெரிந்தது. குழாய் டக்கென்று நின்றது. அவன் அதை எடுக்கவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் வண்டி அடிச்சுது."

அவன் தலையை ஆட்டினான். குழாயை எடுத்து மாட்டினான், மூடியைத் திருகினான், கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். பிறகு, தப்பு செய்த பிள்ளையைப் போல அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"திரும்பறப்போ காது டாக்டரைப் பாக்கணும். அங்க போய்த் தனியா உக்காந்துக்க எனக்கு வெக்கமா இருக்கும். நீ வருவியா?"

"வருவேன்."

அவன் குனிந்து நின்றதால் அவள் உதடுகளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்தான். முகத்தில் அப்படியொரு பயம்.

"என்ன சொன்ன?"

லோர்னா அவன் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வருவேன்னு சொன்னேன்யா!" என்று அந்த பங்க் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.